வணிக இணைப்பட்டம்

வணிக இணைப்பட்டம் என்பது அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் வழங்கும் ஈராண்டுப் பட்டம். ஆங்கிலத்தில் 'அசோசியேட் டிகிரி'. பள்ளியிறுதிக்கு மேலும் இளநிலைப் பட்டத்துக்குக் கீழும் நிற்பது. நம் பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேர்வதை இதனோடு ஓரளவு ஒப்பிடலாம். அங்கே இணைப்பட்டம் முடித்தவர் பல்கலைக்கழகத்தில் சேர்வது மூன்றாம் ஆண்டில்.

தோற்றம்: வணிகத்தோடு தொடர்பே இல்லாத ஒருவரிடமிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் எபிரேய மொழி அறிஞர். பதினெட்டு வயதிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுகள் பள்ளிப் படிப்பின் நீட்சியே, ஆராய்ச்சிக்குரிய பல்கலைக்கழகம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. அதன்படி தம் பல்கலைக்கழகத்தை இளங்கல்லூரி, முதுகல்லூரி என இரண்டாகப் பிரித்தார். இளங்கல்லூரியை முடித்தவர்களுக்கு 1900இல் இணைப்பட்டம் வழங்கப்பட்டது. இரண்டாண்டோடு நிற்க விரும்புபவர் தலைகுனியாமல் வெளியேற ஒரு வழி வேண்டும் என்பதே நோக்கம்.

மறு ஆண்டே இலினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் ஹார்ப்பரும் கலந்து பேசி, பள்ளியோடு ஒட்டியே கல்லூரி வகுப்புகளைத் தொடங்கினர். முதலில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். இன்றும் இயங்கும் அரசுச் சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது இதுவே. 1907இல் கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றி, உயர்நிலைப் பள்ளிகள் மேல்வகுப்பு நடத்த இசைவளித்தது. அதன்படி 1910இல் அம்மாநிலத்து ஃபிரெஸ்னோ நகரில் கல்லூரி எழுந்தது.

கணக்குப் பதிவும் தட்டச்சும் போன்ற தொழிற்பாடங்கள் வலுத்தது 1930களின் பெருமந்தக் காலத்தில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி உதவி தந்தது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரை அமெரிக்க அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் பரப்பியது.

வகைகள்: கலை, அறிவியல், செயல்முறை அறிவியல் என மூன்று. முதலிரண்டும் பல்கலைக்கழகம் செல்வோருக்கு. மூன்றாவது நேரே வேலைக்குச் செல்வோருக்கு; அதன் பாடங்களைப் பல்கலைக்கழகங்கள் எளிதில் ஏற்பதில்லை. பெயரைப் பார்க்காமல் சேர்ந்து, பின்னர் வருந்துவோர் உண்டு. நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், வணிகச் சட்டம், புள்ளியியல் ஆகியவை வணிக இணைப்பட்டத்தின் வழக்கமான பாடங்கள். மொத்தம் ஏறத்தாழ 60 அலகுகள் (கிரெடிட்). கலிஃபோர்னியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென வகுத்த இணைப்பட்டம் பெற்றவருக்கு அம்மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. ஆனால் கேட்ட வளாகமே கிடைக்கும் என்பதில்லை.

விமர்சனம்: இக்கல்லூரிகள் ஏழை மாணவரின் ஆசையை மெல்லத் தணித்துவிடுகின்றன என்று சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960இல் எழுதினார். சமூகவியலாளர்கள் பிரின்ட், கராபெல் இருவரும் 1989இல் அதையே விரித்து நூலாக்கினர். வேறெந்தக் கதவும் திறவாதவருக்குத் திறந்த கதவை இப்படிப் பழிப்பது பொருந்தாது.

இந்தியாவில்: புதுச்சேரியில் 1995இலும் சென்னையில் 1996இலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. பெயர் ஒன்றாயினும் நோக்கம் வேலைத்திறனே.

இன்றைய நிலை: பாடங்கள் பலவும் இணையவழியில் நடக்கின்றன. கலிஃபோர்னியாவில் அம்மாநிலத்தவருக்கு அலகுக்குக் கட்டணம் 46 டாலர். வெளிநாட்டு மாணவருக்குப் பல மடங்கு.