வீட்டு வளவில் ஒரு வான்முகில்

வானியலின் வரலாறு பெரும்பாலும் அரசர்கள் நிறுவிய அவதான நிலையங்களின் வரலாறாகவும், பேராசிரியர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், வான்முகில்களைப் பற்றிய அறிவு கண்ணின் சாட்சியத்திலிருந்து ஒளிப்படத் தகட்டின் சாட்சியத்துக்கு மாறிய திருப்பம் தனியார் வீட்டு வளவுகளிலேயே நிகழ்ந்தது. அதனை நிகழ்த்தியோர் வானியலால் ஊதியம் பெற்றவர் அல்லர். ஒருவர் மருத்துவர், ஒருவர் சுகாதாரப் பொறியியலாளர், மற்றொருவர் கட்டட ஒப்பந்தகாரர். இது தற்செயலாய் நேர்ந்ததா என்பது ஆராயத்தக்கது.

ஓரியன் உடுத்தொகுதியில், வேட்டைக்காரனின் வாள் எனப்படும் பகுதியில், மங்கலான ஒளித்திட்டு ஒன்று வெறுங்கண்ணுக்கே தென்படும். அதுவே ஓரியன் வான்முகில். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதன் உருவத்தைத் தீட்டி ஹைகன்ஸ் 1659 இல் வெளியிட்டார். பின்னர் ஜோன் ஹேர்ஷல், ரோஸ் பிரபு, அமெரிக்கரான பொண்ட் எனப் பலரும் அதனை வரைந்தனர். இவர்கள் அனைவரும் கூரிய பார்வையும் பொறுமையும் உடையோர். எனினும் ஒருவர் வரைந்த உருவம் மற்றொருவர் வரைந்ததை ஒத்திருக்கவில்லை. வேறுபாட்டிற்குக் காரணம் யாது? முகில் மாறிற்றா, தொலைகாட்டி மாறிற்றா, அன்றி வரைந்த கைதான் மாறிற்றா? இவ்வினாவுக்கு விடைகாண வழியே இருக்கவில்லை. 1840களின் நடுப்பகுதியில் ரோஸ் பிரபு தம் பெருந்தொலைகாட்டியால் நோக்கி, அம்முகில் உடுக்களாகப் பிரிந்து தோன்றுவதாகக் கருதினார். 1860களில் வில்லியம் ஹகின்ஸ் நிறமாலையைக் கொண்டு அது ஒளிரும் வாயுவெனக் காட்டினார். எதிர்பார்த்ததையே கண் காண்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. (ஹகின்ஸும் இலண்டனின் புறநகர் வீடொன்றிலிருந்து ஆய்ந்த தனியாரே.)

ஒளிப்படக்கலை தோன்றிய சில ஆண்டுகளிலேயே சந்திரனும் சூரியனும் படமாயின. வான்முகில் மட்டும் படமாகாமைக்குக் காரணம் தகட்டிலேயே இருந்தது. 1851 இல் அறிமுகமான கொலோடியன் தகடு ஈரமாயிருக்கும் வரையிலேயே ஒளியை ஏற்கும். சில நிமிடங்களில் உலர்ந்து பயனற்றுவிடும். முகிலின் ஒளியோ அச்சிறு நேரத்தில் தடம் பதிக்கப் போதாது. 1871 இல் ஆங்கில மருத்துவரான மடொக்ஸ் முன்வைத்த ஜெலற்றின் உலர்தகடு, அடுத்த சில ஆண்டுகளில் பிறரால் செம்மைப்படுத்தப்பட்டு இத்தடையை நீக்கிற்று. அதன் பின்னர் தகட்டினை ஒருமணி நேரமும் அதற்கு மேலும் திறந்துவைத்தல் இயல்வதாயிற்று. கண் ஒரு கணத்தில் பெறாத ஒளியை அடுத்த கணத்தில் சேர்த்துப் பெறுவதில்லை, தகடோ சேமிக்கும்.

இவ்வாய்ப்பினை முதலிற் பயன்படுத்தியவர் ஹென்றி டிரேப்பர். நியூயோர்க்கை அடுத்த ஹேஸ்ரிங்ஸில், தந்தையாரின் காணியில் தாமே அமைத்த அவதான நிலையத்தில், 1880 செப்டெம்பர் 30 ஆம் திகதி 11 அங்குல முறிவுத் தொலைகாட்டியின் ஊடாக 51 நிமிடங்கள் தகட்டினைத் திறந்துவைத்து, ஓரியன் வான்முகிலின் முதல் ஒளிப்படத்தை அவர் பெற்றார். இவ்விரவுப் பணிகளில் மனைவியார் அன்னா டிரேப்பர் அவருக்குத் துணைநின்றார். 1882 மார்ச்சில் 137 நிமிடப் படமொன்றும் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே டிரேப்பர் 45 ஆவது வயதிற் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் அன்ட்ரூ எயின்ஸ்லி கொமன். இவரே நீர்க்குழாய்களும் வடிகால்களும் சார்ந்த தொழிலிற் பொருளீட்டிய அந்தப் பொறியியலாளர். இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஈலிங்கில், தம் வீட்டு வளவில், கல்வர் என்பார் ஆக்கிய 36 அங்குல ஆடியைக் கொண்டு தெறிப்புத் தொலைகாட்டி ஒன்றினை நிறுவினார். பெரிய ஆடி மட்டும் போதுமானதன்று. புவி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டேயிருக்கும். தொலைகாட்டி அதனை இம்மியும் பிசகாது பின்தொடராவிடின் உடுக்கள் புள்ளிகளாகாது கோடுகளாகிவிடும். பல தொன் எடையைச் சீராக நகர்த்துவது எவ்வாறு? கொமன் முனைவு அச்சின் பாரத்தை இரசத்தில் மிதக்கச்செய்து உராய்வைக் குறைத்தார். பாரமும் திரவமும் பற்றிய இவ்வறிவு அவர் தொழிலுக்கு அந்நியமானதன்று. தொடக்க முயற்சிகள் திருப்தியளிக்காதபோதும், 1883 ஜனவரி 30 ஆம் திகதி எடுத்த படம் அவர் பெயரை நிலைநாட்டிற்று. எத்துணைப் பெரிய தொலைகாட்டியின் ஊடாகவும் கண்ணுக்குத் தென்பட்டிராத உடுக்கள் அத்தகட்டிற் பதிந்திருந்தன. இவ்விடத்தில் ஒளிப்படம் ஓவியத்தின் மாற்றீடு என்ற நிலையைக் கடந்து, காணாததைக் காணும் கருவியாயிற்று. அரச வானியற் கழகம் 1884 இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கிற்று.

பெரும் அவதான நிலையங்கள் இதனை ஏன் முந்திச் செய்யவில்லை? கிறீனிச் நிலையம் 1675 இல் நிறுவப்பட்டதே கப்பலோட்டத்தின் தேவைக்காக. உடுக்களின் நிலையைத் துல்லியமாக அளத்தலும் நேரங் கணித்தலும் அதன் கடமை. முகிலின் உருவம் எந்த மாலுமிக்கும் வழிகாட்டாது. தனியாருக்கு அக்கடமை இல்லை. தோல்விக்குக் கணக்குக் காட்டவேண்டிய மேலதிகாரியும் இல்லை. எனினும் இவர்களை எளியோராகக் கருதுதல் தவறு. மூன்றடி ஆடியை வாங்கும் செல்வம் எல்லா வளவுகளிலும் இருக்கவில்லை. அச்செல்வத்தின் பின்னே பிறர் உழைப்பும் இருந்தது. லிவர்பூல் ஒப்பந்தகாரரான ஐசாக் றொபேட்ஸின் பெயரில் புகழ்பெற்ற பிற்காலப் படங்கள் பலவற்றை இராக்குளிரில் நின்று எடுத்தவர் அவரது உதவியாளர் பிராங்ஸ் என்பவரே.

தகடும் பக்கச்சார்பற்ற சாட்சியன்று. அக்காலத் தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன. ஓரியன் முகிலின் வளமான செந்நிறம் அவற்றிற் பதியவில்லை. மங்கலான ஓரங்கள் தோன்றும்வரை திறந்துவைத்தால், நடுவிலுள்ள பிரகாசமான உடுக்கள் வெண்மையில் மூழ்கின. நடுப்பகுதியைக் காப்பாற்றினால் ஓரங்கள் மறைந்தன. ஓவியர் இரண்டையும் ஒரே தாளில் தீட்டியிருந்தார். இக்குறையைக் கருதாது ஒளிப்படத்தைப் போற்றுவோர் ஹேர்ஷலுக்கு அநீதி இழைத்தோராவர்.

படத்தை வாசிக்கும் கண்ணும் பழைய கண்ணே. 1888 இல் றொபேட்ஸ் தம் 20 அங்குலத் தொலைகாட்டியால் அன்ட்ரோமீடா முகிலைப் படமெடுத்து, அதன் சுருள் அமைப்பை முதன்முறையாக வெளிப்படுத்தினார். உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு ஞாயிற்றுத் தொகுதியையே தாம் கண்டதாக அவர் நம்பினார். தகடு பொய்யுரைக்கவில்லை, அதற்குக் கற்பித்த பொருளே பிழைத்தது.

கொமன் இன்னும் பெரிய, 60 அங்குல ஆடியொன்றினை ஆக்க விரும்பி, 36 அங்குலத் தொலைகாட்டியை 1885 இல் குறொஸ்லி என்பவருக்கு விற்றார். அவர் அதனை 1895 இல் கலிபோர்னியாவின் லிக் அவதான நிலையத்துக்கு நன்கொடையாக வழங்கினார். அங்கு ஜேம்ஸ் கீலர் அதனைச் சீரமைத்து, 1898 முதல் 1900 இல் தாம் இறக்கும்வரை முகில்களைப் படமெடுத்தார். அத்தொலைகாட்டிக்கு எட்டும் எல்லையில் 1,20,000 முகில்கள் இருக்கலாமென்றும், அவற்றிற் பெரும்பாலானவை சுருளுருவின என்றும் அவர் மதிப்பிட்டார். அச்சுருள்கள் எவை என்ற வினா, 1923 இல் எட்வின் ஹபிள் அன்ட்ரோமீடாவின் தகடொன்றில் மாறொளி உடுவொன்றை இனங்காணும்வரை தீராதிருந்தது.