நூலகப் பணியும் நூற்செய்தியும்: சென்னையிலிருந்து காசி, தில்லி வரை

நூலகத்தில் ஒரு நூல் இருத்தல் வேறு. அந்நூல் அங்கிருக்கும் செய்தி அதற்குரிய வாசகரைச் சென்றடைதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைக்கும் முயற்சிகளின் தொகுதியையே நூலகப் பணி என்கிறோம். தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிற்றும் பல்கலைக்கழகங்களில் இத்தொலைவு பெரிது. அங்குத் தமிழ் வாசகர் சிலர். தமிழறிந்த நூலகப் பணியாளர் அரியர். ஆகவே, இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களில் வாசகர் பணி எவ்வாறு தோன்றியது, எவ்வழியாகப் பரவியது என்னும் வினா நூலறிவியலாருக்கு மட்டும் உரியதன்று. தமிழாய்வாளர்க்கும் அதில் நேரடித் தொடர்பு உண்டு. அவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் சீர்காழியில் பிறந்த கணிதப் பேராசிரியர் ஒருவர் என்பதும் இவ்வினாவை நமக்கு நெருக்கமாக்குகின்றது.

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவை கற்பிக்கும் நிறுவனங்களாக அல்லாமல், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனங்களாகவே தொடங்கின. மாணவர் கல்லூரிகளில் பயின்றனர்; பல்கலைக்கழகத்திற்குத் தேர்வெழுதவும் பட்டம் பெறவும் வந்தனர். இந்நிலையில் நூலகம் என்பது பல்கலைக்கழகத்தின் தேவையாகக் கருதப்படாததில் வியப்பில்லை. பம்பாயில் 1878இல் கட்டி முடிக்கப்பெற்ற நூலகமும் இராசாபாய் கோபுரமும் வணிகர் பிரேம்சந்த் ராய்சந்தின் கொடையால் எழுந்தவை. மணிக்கூண்டு நகரத்தார் அனைவருக்கும் நேரம் காட்டியது. நூலகம் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பது வேறு கேள்வி. 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் ஆய்வு நடத்தவும் வழிசெய்த பின்னரே நூலகம் இன்றியமையாததாயிற்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகம் 1907இல் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் இடம்பெற்றது இச்சூழலில்தான்.

அடுத்த பதினேழு ஆண்டுகளில் நூல்கள் சேர்ந்தன, வாசகர் சேரவில்லை. 1924ஆம் ஆண்டு சனவரியில் மாநிலக் கல்லூரிக் கணித ஆசிரியர் சீர்காழி இரா. அரங்கநாதன் (1892–1972) பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்த்தப்பெற்றார். வகுப்பறையின் ஆரவாரத்திற்குப் பழகியவருக்கு அவ்விடத்தின் தனிமை தாங்கவில்லை. சில நாள்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வந்தபின் முடிவு செய்யலாம் என்று அறிவுறுத்தி அனுப்பினர். இந்நிகழ்ச்சியை அவர்தம் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் சுவைக்காகச் சொல்வர். ஆயினும் அதனுள் ஒரு வரலாற்றுச் சான்று பொதிந்துள்ளது: அக்காலத்துப் பல்கலைக்கழக நூலகரிடம் உதவி கேட்டு வருவோர் இலர். அவர் காவலர், நூல்கள் காக்கப்படும் பொருள்கள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குராய்டன் நகர நூலகர் பெர்விக் சேயர்ஸிடம் அவர் பயின்றார். அங்குக் கண்ட பொது நூலகங்களில் குழந்தைகளும் தொழிலாளரும் மகளிரும் வந்து நூல் கேட்டுப் பெறுவதைக் கண்டார். நூலகம் ஒரு சமூக நிறுவனம் என்னும் எண்ணம் அவரிடம் அங்கே வேரூன்றியது. 1925இல் நாடு திரும்பியவர் கல்லூரிக்குச் செல்லும் பேச்சையே எடுக்கவில்லை.

சென்னையில் அவர் செய்த மாற்றங்களுள் முதன்மையானது திறந்த அடுக்கு முறை. வாசகர் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்த நிலை மாறி, அடுக்குகளினூடே தாமே சென்று நூலைத் தொட்டு எடுக்கும் உரிமை வந்தது. நூல் திருட்டுப் போகும் என்னும் அச்சம் அன்று வலுவாக இருந்தது. இன்றும் சில நூலகங்களில் அது மறையவில்லை. திறந்த அடுக்கின் பயனை ஆய்வாளர் நன்கறிவர். தேடிச் சென்ற நூலின் பக்கத்தில், பெயரும் கேட்டிராத நூலொன்று கிடைக்கும் அனுபவம் சீட்டு முறையில் வாய்க்காது. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தமையும், சிறு கட்டணம் பெற்று வாசகர் இல்லத்திற்கே நூலைக் கொண்டுசேர்த்தமையும், வினாக்களுக்கு விடை தேடித்தரத் தனிப் பணியாளரை அமர்த்தியமையும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இறுதியாகச் சொன்ன குறிப்புதவிப் பணியை அவர் இரண்டாகப் பகுத்தார். சில நிமிடங்களில் முடிவது ஒன்று. நாள்கணக்கில் வாசகருடன் அமர்ந்து தேடவேண்டுவது மற்றொன்று. பின்னதை நூலகரின் பணியாக ஏற்றது அக்கால இந்தியாவில் துணிவான செயல். 1936இல் கடற்கரையையொட்டி எழுந்த தனிக் கட்டடம் இப்பணிகளுக்கு ஏற்ற இடமாயிற்று.

இவற்றின் கொள்கை அடிப்படையை அவர் 1928இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் மீனாட்சி கல்லூரியில் ஆற்றிய உரையில் ஐந்து விதிகளாக முன்வைத்தார். 1931இல் அவை நூலாயின. ஐந்தனுள் மூன்றாவது விதி இங்கு நம் கவனத்திற்குரியது. அது வாசகரின் பக்கம் நின்று பேசாமல் நூலின் பக்கம் நின்று பேசுகின்றது. அடுக்கில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் எங்கோ இருக்கின்றார். அவரைத் தேடிச்செல்லும் கடமை நூலகத்தினுடையது என்பது அதன் கருத்து. புதுவரவுகளை வாயிலருகே வைத்தல், பட்டியல் வெளியிடுதல், விளம்பரம் செய்தல் ஆகியவற்றை இவ்விதியின் விளைவுகளாகவே அரங்கநாதன் விளக்குகின்றார். நூலகச் செய்தி என்று நாம் இன்று வழங்குவது ஓர் ஒழுங்குமுறையின் இன்றியமையா உறுப்பு என்பதை இதனால் அறியலாம்.

இனி, 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையைக் காண்போம். இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டு, சில உறுப்புகளை வெவ்வேறு வகையில் இணைத்துப் பல உருவங்கள் செய்யலாம் என்னும் கருத்தை அவர் பெற்றார் என்பர். அன்று பரவலாக இருந்த டூயி தசமப் பகுப்பில் ஆங்கிலக் கவிதைக்கு 821 என்னும் மூன்று இலக்கங்கள் போதும். தமிழ் இலக்கியமோ ஏனைய மொழி இலக்கியங்களுக்குரிய மூலையில், 894.811 என்னும் எண்ணின்கீழ் ஒதுங்கியது. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் ஒரு புள்ளிக்கு அப்பால் நெருக்கியடித்து நின்றது. கோலன் முறையில் ஆங்கில எழுத்தாகிய ‘ஓ’ இலக்கியத்தையும், 31 தமிழையும், அடுத்துவரும் 1 கவிதையையும் குறிக்கும். 1882இல் பிறந்த பாரதியாருக்குரிய ‘எம்82’ என்னும் ஆண்டுக்குறியை இதனுடன் சேர்த்தால் அவர் கவிதைகளுக்குத் தனியிடம் கிடைத்துவிடுகின்றது. ஆங்கிலத்திற்கு 111, இரண்டுக்கும் ஒரே இலக்கணம். இம்முறையில் ஓர் இடரும் உண்டு. ஆசிரியரைப் பிறந்த ஆண்டால் அடையாளப்படுத்தும் பகுப்பு, ஆண்டே அறியப்படாத சங்கப் புலவர் முன்னர்த் திகைத்து நிற்கும். வள்ளுவர் காலம் குறித்த வழக்கு தீராத வரையில் அவர் நூலுக்கு ஆண்டுக்குறி இடுவது எளிதன்று. நூலகரின் குறியீடு தமிழாய்வின் முடிவுக்காகக் காத்திருக்கும் இடம் இது.

1944இல் சென்னைப் பணியை விட்ட அரங்கநாதன், 1945இல் துணைவேந்தர் இராதாகிருட்டிணனின் அழைப்பை ஏற்றுக் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு பரோடா மன்னர் சயாசிராவ் கெய்க்வாடின் கொடையால் 1941இல் எழுந்த பெருங்கட்டடம் இருந்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களை ஒன்றரை ஆண்டளவில் தாம் ஒருவராகவே பகுத்துப் பட்டியலிட்டார் என்று அவர்தம் வரலாற்றாசிரியர் கூறுவர். வயது ஐம்பதைக் கடந்த ஒருவர் நாள்தோறும் அட்டை எழுதி அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பார்க்கலாம். 1947இல் மாரிசு குவையரின் அழைப்பால் தில்லிப் பல்கலைக்கழகம் சென்றார். நூலறிவியலில் முனைவர் பட்டம் வரை ஆய்வு வளர அங்கே வழி பிறந்தது. பல்கலைக்கழக நல்கைக் குழு 1957இல் அமைத்த நூலகக் குழுவிற்கும் அவரே தலைவர். சென்னையில் ஒரு நூலகரின் ஆர்வமாகத் தொடங்கியது, இவ்வாறு நாடு முழுமைக்குமான நெறியாயிற்று. அதே காலத்தில் இயற்றப்பெற்ற 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு பொது நூலகங்களுக்கே உரியது. பல்கலைக்கழக நூலகங்களுக்கு அவ்வரவு இல்லை; அவை தேர்ந்து வாங்கவேண்டும். தேர்வுக்குப் பரிந்துரை தருவது துறையினர் கடமை. இதில் நம் துறைகள் காட்டும் சோர்வைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

தமிழகத்திற்கு வெளியே தமிழ் நூல்களுக்கு நேரும் தனிச்சிக்கல் பட்டியலில்தான் தொடங்குகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அரங்கநாதனின் சென்னைப் பணிக்காலத்தோடு பெரிதும் ஒன்றிய காலம் அது. அப்பேரகராதி கையாண்ட உரோமன் எழுத்துப்பெயர்ப்பை பெரிதும் ஒத்த முறையையே அமெரிக்கக் காங்கிரசு நூலகமும் அதனைப் பின்பற்றும் நூலகங்களும் கொண்டன. அதன்படி சகரத்திற்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தாகிய ‘சி’ நிற்கும். ஆதலால் சிலப்பதிகாரத்தையோ உ. வே. சாமிநாதையரையோ ‘எஸ்’ என்னும் எழுத்தின்கீழ்த் தேடும் மாணவர் வெறுங்கையோடு திரும்புவார். ஒலிக்கும் எழுத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று என்னும் நேர்மை அறிஞருக்கு இன்பம். அட்டைப்பெட்டி முன் நிற்கும் முதலாண்டு மாணவருக்கு அது கதவடைப்பு. தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்தும் அத்தகையதே. ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் முன்னெழுத்தாக நிற்க, இறுதியில் வரும் இயற்பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் ஐரோப்பியப் பட்டியல் நெறியில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று இடங்களில் சிதறுவதுண்டு. நூல் அடுக்கில் இருக்கும், பட்டியலில் அகப்படாது. நாளடைவில் வாசகரற்ற நூல் என முத்திரை பெற்றுக் கிடங்கிற்குப் போகும். மூன்றாம் விதி மீறப்படும் வழி இது.

கணினி இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. 1991இல் வந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாட்டரசு 2010இல் அதனைத் தகுதரமாக ஏற்றது. எனவே தமிழ்த் தலைப்பைத் தமிழெழுத்திலேயே பட்டியலிடத் தொழில்நுட்பத் தடை இன்றில்லை. பல்கலைக்கழக நல்கைக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில், 2009ஆம் ஆண்டு விதிமுறைக்குப் பின்னர் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேர்ந்துவருகின்றன. அலிகாரிலோ தில்லியிலோ இருந்துகொண்டு, மதுரையில் அளிக்கப்பெற்ற தமிழ் ஆய்வேட்டைப் படிக்க முடிகின்றது. தலைப்பைத் தமிழில் பதிந்தவர், ஆங்கில எழுத்தில் தம் விருப்பப்படி பதிந்தவர், மொழிபெயர்த்துப் பதிந்தவர் என மூவகையினரும் இருத்தலால் தேடல் இங்கும் இடர்ப்படுகின்றது. பதிவேற்றும் போது ஆய்வாளரும் நெறியாளரும் ஐந்து நிமிடம் செலவிட்டால் இக்குறை தீரும்.

2024 நவம்பரில் நடுவணரசு ஏற்பளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. முப்பது பன்னாட்டு வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை நாடெங்கும் அரசுசார் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அறிவியல் துறைகளுக்கு இது பெரும்பேறு. தமிழ்த் துறைகள் வெளியிடும் ஆய்விதழ்கள் அத்தகைய வெளியீட்டாளர் வழியாக வருவன அல்ல. அவை இன்றும் சந்தாவாகவும் மாற்றுப்படியாகவும் அஞ்சலில் வருகின்றன. பல நூலகங்களில் அவற்றின் உள்ளடக்கம் எவ்வட்டவணையிலும் ஏறுவதில்லை. 2021இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாரதியார் பெயரில் இருக்கை அறிவிக்கப்பட்டபோது மகிழாத தமிழர் இலர். இருக்கையில் அமர்வோர் கைநீட்டினால் எட்டும் தொலைவில் நூல் இருத்தல் வேண்டும். அரங்கநாதன் அட்டை எழுதிய அதே நூலகத்தில், தமிழ் நூல்களின் பட்டியலைத் தமிழ் எழுத்தில் மீளப் பதிவு செய்யும் பணியை அங்குள்ள தமிழ் மாணவரைக் கொண்டே தொடங்கலாம். தில்லியிலும் அலிகாரிலும் அவ்வாறே செய்து, மாதந்தோறும் புதுவரவுப் பட்டியலைத் துறைகள் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.