ஏஐ4பாரத்

சென்னை ஐஐடியில் இயங்கும், இந்திய மொழிகளுக்கான செயற்கை நுண்ணறிவு ஆய்வகம். மிதேஷ் கப்ரா, பிரத்யூஷ் குமார், அனூப் குஞ்சுக்குட்டன் முதலியோர் இதை வளர்த்தவர்கள். நந்தன், ரோகிணி நிலேகனி தம்பதியின் 36 கோடி ரூபாய் நன்கொடையுடன் 2022 ஜூலையில் இங்கு நிலேகனி மையம் திறக்கப்பட்டது.

இயந்திரக் கற்றல் ஆய்வுப் பொறியாளரின் அன்றாடம் எப்படிப்பட்டது என்பதற்கு இந்த ஆய்வகம் 2021இல் வெளியிட்ட 'சமானந்தர்' நல்ல சான்று. ஆங்கிலத்துக்கும் தமிழ் உள்ளிட்ட 11 இந்திய மொழிகளுக்கும் இடையே ஏறத்தாழ 5 கோடி வாக்கிய இணைகள் கொண்ட தொகுப்பு இது. பெரும்பகுதி இணையத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. வாக்கியங்களை எண்வரிசைகளாக மாற்றி, பொருளால் நெருங்கியவற்றை இணைத்து, பொருந்தாதவற்றைக் கழிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு மாதிரியைச் சோதிக்க வைத்த வாக்கியம் பயிற்சித் தரவில் கலந்துவிட்டால் மதிப்பெண்ணுக்கே மதிப்பில்லை. பதவிப் பெயரில் 'ஆய்வு' இருந்தாலும், நேரத்தை விழுங்குவது இந்தத் துப்புரவுதான். தமிழில் விகுதிகள் அடுக்கடுக்காக ஒட்டுவதால், ஒரே சொல் பல துண்டுகளாக உடைவது கூடுதல் தலைவலி.

2023இல் வந்த இதே ஆய்வகத்தின் மொழிபெயர்ப்பு மாதிரியான 'இண்டிக்டிரான்ஸ்2', இந்திய அரசியலமைப்பின் அட்டவணை மொழிகள் 22க்கும் மொழிபெயர்க்கிறது. மாதிரியும் நிரலும் திறந்த உரிமத்தில் கிடைப்பதால், தாம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு மாணவர் அதை இறக்கிச் சோதிக்கலாம்.