சென்னையில் ஆண்குறிப் புண் குறித்த மருத்துவ ஆய்வு: டோனோவன் முதல் வடசென்னைத் தொழிற்பகுதி வரை (1868–1995)

ஆய்வுச் சுருக்கம்

பால்வினை நோய்களைப் பற்றிய காலனிய வரலாற்று ஆய்வுகள் பெரும்பாலும் பெண்ணுடல் மீதான கண்காணிப்பையே மையப்படுத்துகின்றன. ஆணின் புண் எப்போது, எவ்வாறு மருத்துவ ஆய்வுக்கு உரியதாயிற்று என்ற கேள்வி குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. சென்னையில் 1905ஆம் ஆண்டு நுண்ணோக்கியின் வழியே இனங்காணப்பட்ட டோனோவனோசிஸ் நோயை முன்வைத்து இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய்கிறது. நோய்த்தடுப்புக்கு வழிவகுத்தது கட்டாயச் சோதனை அன்று, துல்லியமான நோயறிதலும் எளிதில் கிடைக்கும் சிகிச்சையுமே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பால்வினை நோய், ஆண்குறிப் புண், டோனோவனோசிஸ், காலனிய மருத்துவம், வடசென்னை.

முன்னுரை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய பகுதிகள் துறைமுகத்தையும் ஆலைகளையும் சார்ந்து வளர்ந்தவை. கப்பல் தொழிலாளர், சுமை தூக்குவோர், லாரி ஓட்டுநர் எனக் குடும்பத்தைப் பிரிந்து வாழும் ஆண்கள் பலர் இங்கே உழைத்துள்ளனர். இத்தகைய இடங்களில் பால்வினை நோயை ஒழுக்கக் கேடாகக் காண்பதும் அதற்குப் பெண்களைப் பொறுப்பாக்குவதும் அரசின் வழக்கமாக இருந்தன. அவ்வழக்கம் மாறிய வரலாற்றைச் சென்னையின் மருத்துவ ஆய்வுகளிலிருந்து அறியலாம்.

1. சொல்லும் நோய்ப் பகுப்பும்

தமிழ் மருத்துவ மரபில் மேகநோய், கிரந்தி, அரையாப்பு முதலிய சொற்கள் வழங்கின. இவை வெளிப்படும் குறிகளைக் கொண்டு நோயை வகுத்தவை. ‘பறங்கி’ என்ற அடையோடு நோயும் மருந்தும் வழங்கியமை, ஐரோப்பியர் வருகையோடு இந்நோய்களை மக்கள் தொடர்புபடுத்தியதைக் காட்டுகிறது. பறங்கிப்பட்டை இன்றும் சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது. எனினும், கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் புண்கள் வெவ்வேறு கிருமிகளால் உண்டாகின்றன என்பதைக் குறிகளைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. அன்றைய ஐரோப்பிய மருத்துவமும் நெடுங்காலம் இதே இடர்ப்பாட்டில்தான் இருந்தது.

2. சட்டத்தின் ஒருதலைப் பார்வை

1868ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமான இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வழிசெய்தது. நோயுற்றவர் எனக் கருதப்பட்ட பெண்கள் ‘லாக் மருத்துவமனை’ எனப்பட்ட இடங்களில் அடைக்கப்பட்டனர். அவர்களை நாடிச் சென்ற மாலுமிகளுக்கோ பிற ஆண்களுக்கோ இச்சட்டம் அத்தகைய கட்டாயம் எதையும் விதிக்கவில்லை. நோய் இரு பாலரிடமும் இருக்க, சோதனை ஒரு பாலர்க்கு மட்டுமே உரியதாயிற்று. கடும் எதிர்ப்புக்குப்பின் 1888ஆம் ஆண்டு இச்சட்டம் நீக்கப்பட்டது.

3. டோனோவனின் கண்டறிதல்

இந்நோயின் பிறப்புறுப்புப் புண்ணைக் கல்கத்தாவில் கென்னத் மெக்லியாட் 1882ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். அதன் காரணி அப்போது அறியப்படவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரும் இந்திய மருத்துவப் பணி அலுவலருமான சார்லஸ் டோனோவன், 1903ஆம் ஆண்டு கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியைக் கண்டவர். 1905ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் வார்டு ஊழியர் ஒருவரது வாய்ப்புண்ணிலிருந்து எடுத்த கசிவில், உயிரணுக்களுக்குள் தங்கியிருந்த நுண்ணுருக்களை அவர் கண்டார். இவையே ‘டோனோவன் உருக்கள்’ எனப்பட்டன. அதே ஆண்டில்தான் பெர்லினில் சாடினும் ஹோஃப்மனும் கிரந்தியின் கிருமியைக் கண்டறிந்தனர். ஆண்குறியில் தோன்றும் புண்களைக் காரணியால் பிரித்தறிய இவ்விரு கண்டுபிடிப்புகளும் வழிசெய்தன.

1950ஆம் ஆண்டு நோய்க்கே டோனோவனின் பெயர் முன்மொழியப்பட்டது. புண்ணைத் தாங்கியவரோ ‘வார்டு ஊழியர்’ என்ற பணிப்பெயராலேயே மருத்துவ வரலாற்றில் குறிக்கப்படுகிறார்.

4. நோயறிதலும் சிகிச்சையும்

இப்புண் பெரும்பாலும் வலியற்றது, செந்நிறமுடையது, தொட்டால் எளிதில் குருதி கசியும். ஆண்களிடம் முன்தோலிலும் மொட்டைச் சூழ்ந்த பள்ளத்திலும் மிகுதியாகக் காணப்படும். வலி இன்மையும் வெட்கமும் சேர்ந்து நோயாளியை மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுத்தன. காலம் தாழ்ந்தவரிடம் உறுப்பு வீங்குதல், முன்தோல் சுருங்குதல், உறுப்பே அழிந்துபோதல் ஆகியவை நேர்ந்தன. நாட்பட்ட புண்ணில் புற்றுநோய் தோன்றுவதும் உண்டு.

பிரித்தறிதல் ஏன் இன்றியமையாதது என்பதைச் சிகிச்சை வரலாறு காட்டுகிறது. கிரந்தியைக் குணப்படுத்தும் பெனிசிலின் இந்நோய்க்குப் பயன்படாது. 1913ஆம் ஆண்டு பிரேசிலில் ஆன்டிமனி உப்பும், 1940களின் இறுதியில் ஸ்ட்ரெப்டோமைசினும் இதற்கு மருந்தாயின. இன்று அசித்ரோமைசின் முதன்மை மருந்தாக உள்ளது. புண்ணின் ஓரத்திலிருந்து சிறு திசுவை எடுத்து, கண்ணாடியில் நசுக்கிச் சாயமேற்றிப் பார்க்கும் எளிய சோதனையே சரியான மருந்தைத் தீர்மானித்தது.

இத்துறையில் சென்னையின் பங்களிப்பு டோனோவனோடு நின்றுவிடவில்லை. சென்னை மருத்துவர்கள் ஆர். வி. ராஜம், பி. என். ரங்கையா ஆகியோர் எழுதிய டோனோவனோசிஸ் பற்றிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954ஆம் ஆண்டு தன் ஆய்வு வரிசையில் 24ஆவதாக வெளியிட்டது. உள்ளூர் மருத்துவர்களின் அனுபவம் உலக அறிவாக ஏற்கப்பட்டதற்கு இது சான்று.

5. வடசென்னை நோக்கி

இராயபுரம் பகுதியில் இயங்கிவந்த மருத்துவப் பள்ளி 1938ஆம் ஆண்டு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. அதனோடு இணைந்த மருத்துவமனை வடசென்னை உழைப்பாளர்களின் முதன்மை அரசு மருத்துவமனையாகத் திகழ்கிறது. 1969ஆம் ஆண்டு மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியபின் டேங்கர் லாரிகளின் வருகை இப்பகுதியின் அன்றாடக் காட்சியாயிற்று.

1986ஆம் ஆண்டு சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தபின் பிறப்புறுப்புப் புண்ணுக்குப் புதிய முக்கியத்துவம் ஏற்பட்டது. திறந்த புண் எச்.ஐ.வி. நுழைவதற்கு வாயிலாகிறது. எனவே புண்ணைக் குணப்படுத்துவதே அத்தொற்றைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாயிற்று. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. 1995 முதல் தன்னார்வ நலச் சேவை அமைப்பு வழியாக நடந்த தடுப்புத் திட்டம், லாரி ஓட்டுநர்களை நேரடியாக அணுகியது. 1868ஆம் ஆண்டின் சட்டம் விட்டுவிட்ட ஆண், இப்போது கட்டாயத்தால் அன்றி விழிப்புணர்வாலும் சிகிச்சையாலும் மருத்துவத்தின் எல்லைக்குள் வந்தான்.

முடிவுரை

பெண்ணை அடைத்துவைத்த சட்டத்தால் புண்ணின் காரணியை அறிய முடியவில்லை. ஓர் ஊழியரின் புண்ணிலிருந்து எடுத்த கசிவு அதை அறிவித்தது. ஆண்குறிப் புண்ணைப் பற்றிய சென்னை ஆய்வுகள், பழி சுமத்துதலிலிருந்து நோயறிதலுக்கு நகர்ந்த பாதையைக் காட்டுகின்றன. எனினும் வெட்கத்தால் நேரும் காலதாமதத்திற்கு எந்த மருந்தும் தீர்வாகாது. நோயாளி தயக்கமின்றித் தன் நோயை எடுத்துரைக்கத்தக்க சொற்களையும் சூழலையும் உருவாக்குவது மருத்துவத்தோடு தமிழாய்வுக்கும் உரிய கடமையாகும்.