பிரிஸ்டல் பேருந்துப் புறக்கணிப்பு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குடியேறிய தொழிலாளர்களுக்கு நிறத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டதை எதிர்த்து, 1963 ஆம் ஆண்டு நடைபெற்ற அறப்போராட்டம் பிரிஸ்டல் பேருந்துப் புறக்கணிப்பு எனப்படுகிறது.

பின்னணி

1948 ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம், குடியேற்ற நாடுகளின் மக்களுக்கும் குடியுரிமை வழங்கியது. போருக்குப் பின் ஆள் பற்றாக்குறை நிலவியதால் மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா, பாக்கித்தான் ஆகிய இடங்களிலிருந்து பலர் வேலை தேடி அங்குச் சென்றனர். ஆனால் பிரிஸ்டல் ஆம்னிபஸ் நிறுவனம் அவர்களைப் பணிமனையிலும் உணவகத்திலும் மட்டுமே அமர்த்தியது. ஓட்டுநர், நடத்துநர் பணிகள் வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டன. 1955 இல் போக்குவரத்துத் தொழிற்சங்கத்தின் உள்ளூர்ப் பிரிவே இத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. இத்தகைய பாகுபாடு அன்று சட்டப்படி குற்றமன்று.

போராட்டம்

1963 ஏப்ரலில் கை பெய்லி என்ற இளைஞருக்கு நடத்துநர் பணிக்கான நேர்காணல் ஏற்பாடாகியிருந்தது. அவர் மேற்கிந்தியர் எனத் தெரிந்ததும் நேர்காணல் ரத்தானது. பால் ஸ்டீபன்சன், ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி முதலியோர் பேருந்துகளைப் புறக்கணிக்குமாறு மக்களை அழைத்தனர். மாணவர்கள் ஊர்வலம் சென்றனர். அரசியல்வாதி டோனி பென், டிரினிடாட் தூதராக இருந்த முன்னாள் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் ஆகியோர் ஆதரவளித்தனர்.

நான்கு மாதங்களுக்குப் பின், ஆகஸ்ட் 28 அன்று தடை நீக்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. செப்டம்பரில் முதலில் நடத்துநரானவர் ரக்பீர் சிங் என்ற இந்தியச் சீக்கியர்.

சட்டங்கள்

1965 ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டம் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்தது. வேலைவாய்ப்பு அதில் அடங்கவில்லை. 1968 ஆம் ஆண்டின் சட்டமே வேலை, வீட்டு வசதி ஆகியவற்றையும் சேர்த்தது. எனினும் பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடர அதில் வழியில்லை. 1976 ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் தீர்ப்பாயத்தை நேரடியாக அணுகும் உரிமையை அளித்தது. வெளிப்பார்வைக்குப் பொதுவாகத் தோன்றினாலும் ஓர் இனத்தாரை மட்டும் பாதிக்கும் விதிகளையும் அது தடுத்தது.

முக்கியத்துவம்

குடியுரிமை 1948 இல் கிடைத்தது. வேலை கேட்டு நிற்பவருக்கு அதனால் பயன் உண்டாக்கும் சட்டம் வர மேலும் 20 ஆண்டுகள் ஆயின. தொழிலாளரைக் காக்க வேண்டிய சங்கமே தடைக்குத் துணை நின்றது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. அதற்காகப் பின்வந்த யுனைட் தொழிற்சங்கம் 2013 இல் மன்னிப்புக் கோரியது.