இறக்கத்துக்கு ஒரு சைக்கிள்

யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் சைக்கிளைப் பற்றிக் கேட்டால் ஒரு நாள் முழுக்கக் கதை சொல்வார்கள். பெற்றோல் போகாத யுத்த வருசங்களில் அந்தக் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. நம்ம தலவாக்கலையில் அப்படி ஒரு கதை இல்லை. காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்ல. ஏத்தத்தில தள்ளணும், இறக்கத்தில உயிரைக் கையில பிடிக்கணும். லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், அங்கிருந்து டவுனுக்கும் நம்ம ஆட்கள் நடந்தார்கள். வண்டி ஓடியதெல்லாம் தேயிலைக்குத்தான்.

இப்ப நிலைமை கொஞ்சம் மாறுது. 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது நாடு முழுக்க சைக்கிள் விலை ஏறியதை எல்லாரும் பார்த்தோம். அதுக்குப் பிறகு, தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால 300 கிலோமீற்றருக்கு மேல் போகிற 'பெக்கோ ட்ரெயில்' பாதை திறந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நம்ம தோட்டத்து ரோட்டில் தடிச்ச டயர் போட்ட சைக்கிள்களில் சர்ரென்று இறங்குகிறார்கள். பார்க்கிற பெடியன்களுக்கு ஆசை வராமல் இருக்குமா? கடையிலும் 'மவுண்டன் பைக்' என்று ஸ்டிக்கர் ஒட்டின சைக்கிள் வரிசையா தொங்குது. ஆனால் ஸ்டிக்கர் இறக்கத்தில் நிற்பாட்டாது. எதை வாங்கலாம் என்று எங்களிடம் கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நாங்க ஒரு வரலாற்றைத்தான் சொல்றோம். ஏனென்றால் மலையிறங்கும் சைக்கிளின் வரலாறு முழுக்க சூடான பிரேக்கின் வரலாறு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் என்ற மாவட்டம் இருக்கு. 1976 ஒக்டோபர் 21ஆம் திகதி அங்கே ஒரு மண் பாதையில் சில இளைஞர்கள் சைக்கிளில் கீழே இறங்கும் ஓட்டம் ஒன்றை நடத்தினார்கள். நேரம் குறிச்சு, ஒருத்தருக்குப் பின் ஒருத்தராக. சார்லி கெலி என்பவர் ஏற்பாடு செய்தார். விழாமல் வந்து சேர்ந்த அலன் பொண்ட்ஸ் ஜெயித்தார். அவர்கள் ஓட்டினது புது சைக்கிள் இல்ல, 1930களிலும் 40களிலும் ஷ்வின் கம்பெனி செய்த, குப்பைக்குப் போகவேண்டிய பாரமான சைக்கிள்கள். அதில் பிரேக் பின் சில்லில் மட்டும்தான். பெடலைப் பின்னுக்கு மிதிச்சா ஹப்புக்குள்ளே பிடிக்கும். ஏறத்தாழ 400 மீற்றர் உயரத்தை மூன்றே சொச்சம் கிலோமீற்றரில் இறங்கினால் அந்த ஹப் என்ன ஆகும்? உள்ளே இருக்கிற கிரீஸ் கொதிச்சுப் புகையாப் போயிடும். ஒவ்வொரு தடவை இறங்கின பிறகும் ஹப்பைப் பிரிச்சுப் புதுக் கிரீஸ் அடைக்கணும். ஆங்கிலத்தில் அப்படித் திரும்ப அடைக்கிறதுக்கு 'ரிபாக்' என்று பெயர். அந்தப் பாதைக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. ஒரு விளையாட்டின் பிறப்பிடத்துக்கு பிரேக் ரிப்பேரின் பெயர்!

400 மீற்றர் என்றால் எவ்வளவு என்று நம்ம ஊரில் அளந்து பார்க்கலாம். நானுஓயா ரயில் நிலையம் 1,600 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. தலவாக்கலை நிலையம் 1,200 மீற்றர் அளவில். வித்தியாசம் அதே 400 தான். 1885இல் ரயில் நானுஓயாவுக்கு வந்தபோது பொறியியலாளர்கள் அந்த உயரத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்க. 44 அடி போனால் ஒரு அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது கணக்கு. அதனால் தண்டவாளம் மலையைச் சுற்றிச் சுற்றி, கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர் வளைந்து வருது. கலிபோர்னியாப் பெடியன்கள் மூன்று கிலோமீற்றரில் செய்ததை ரயில் இருபதில் செய்தது. ரயிலின் வெக்கூம் பிரேக்கிலும் ஒரு புத்தி இருக்கு. குழாய் உடைஞ்சு வெற்றிடம் போனால் பிரேக் தானாகவே பிடிச்சுக்கொள்ளும். சைக்கிளில் கேபிள் அறுந்தால் அப்படி எதுவும் நடக்காது.

இன்னொரு கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்க. 400 மீற்றரையும் பிரேக்கைப் பிடிச்சபடியே மெதுவாக இறங்கினால், அந்தச் சக்தியில் ஒரு லீற்றர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். ஐந்தாறு பேருக்குத் தேத்தண்ணி. அவ்வளவு சூடும் உள்ளங்கை அளவு உலோகத்துக்குள்ளே இறங்குது.

ரிபாக் கூட்டம் இதைக் கையால் படித்தது. கேரி ஃபிஷர் பழைய சட்டத்தில் டிரம் பிரேக்கையும் மோட்டார் சைக்கிள் லீவரையும் மாட்டினார். 1977இல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே புதுச் சட்டம் செய்தார். பிறகு ரிம்மைப் பிடிக்கிற பிரேக்குகள், 1996இல் ஷிமானோவின் வி-பிரேக், அதற்குப் பின் டிஸ்க் பிரேக் என்று போச்சு. நம்ம தாத்தாமாரின் காலத்துக் கறுப்பு சைக்கிளில் இருந்த கம்பி பிரேக்கை நினைச்சுப் பாருங்க. இரும்பு ரிம், ரப்பர் கட்டை. வெயிலில் சரி. மழையில் ரிம் நனைஞ்சால் பிடிச்சும் பிடிக்காத மாதிரிதான். தென்மேல் பருவக்காற்று மாசக்கணக்கில் நனைக்கிற ஊரில் அதை நம்பி இறங்க முடியுமா?

வி-பிரேக் அலுமினிய ரிம்மில் ஓரளவு நல்லாப் பிடிக்கும். சேறு ஏறினால் கட்டை தேய்ஞ்சு, ரிம்மும் தேயும். நீண்ட இறக்கத்தில் ரிம் சூடாகி உள்ளே டியூப் வெடிக்கவும் கூடும். டிஸ்க்கில் சூடு டயரிலிருந்து தள்ளி நடுவில் இருக்கு, சேறும் எட்டாது. ஆகவே இறக்கத்துக்கு என்றால் டிஸ்க். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. எண்ணெய்யில் வேலை செய்யிற ஹைட்ரோலிக்கா, கேபிளா என்பதில்தான் யோசிக்கணும். ஹைட்ரோலிக் ஒரு விரலில் பிடிக்கும், பலமும் கூட. ஆனால் எண்ணெய் மாற்ற ஆள் வேணும். மினரல் ஒயிலுக்குச் செய்த பிரேக்கில் கார் பிரேக் ஒயிலை ஊற்றினால் உள்ளே சீல் பழுதாகும். கிட்டத்தில் தெரிஞ்ச மெக்கானிக் இல்லை என்றால், பெயர் தெரியாத மலிவு ஹைட்ரோலிக்கை விட நல்ல கேபிள் டிஸ்க் மேல் என்பது எங்க அபிப்பிராயம். முன்னுக்கு 180 மில்லிமீற்றர் தட்டு, ஃபோர்க் தாங்கும் என்று எழுதியிருந்தால் 203. மழைக்கும் சேற்றுக்கும் உலோகம் கலந்த பேட் நின்று உழைக்கும். இறங்கும்போது தொடர்ந்து பிடிச்சுக்கொண்டே வராதீங்க. பிடிங்க, விடுங்க, காற்றுப் பட்டு ஆறட்டும். முன் பிரேக்குக்குப் பயந்து பின்னை மட்டும் பிடிக்கிறவர்கள் ரிபாக்கின் பழைய நிலைமைக்கே திரும்புகிறார்கள். இறக்கத்தில் பாரம் முன்னுக்குச் சாயும், பின் சில்லு வழுக்கத்தான் செய்யும்.

டயரின் கதை நம்மோடு இன்னும் நெருக்கம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைச்சதில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே வருசம் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. ரிபாக் ஓட்டத்துக்குச் சரியாக நூறு வருசம் முன். அப்ப மலையில் கோப்பி ராச்சியம், ரப்பரை யாரும் பெரிதாக எடுக்கல. 1888இல் டன்லொப் காற்றடைச்ச டயரைச் செய்து, 1890களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தபோதுதான் ரப்பருக்கு மவுசு வந்தது. அந்த ஆசைக்கு கொங்கோவில் எத்தனை உயிர் போனது என்பது தனிக் கட்டுரை. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் பால் வெட்டினவர்களில் நம்ம சனமும் இருந்தது. 1952இல் இலங்கை சீனாவுக்கு ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினது. இன்றைக்குக் கடையில் தொங்குகிற பல சைக்கிள்கள் சீனாவிலிருந்து வருது.

தடிச்ச டயரும் மலைக்காகப் பிறந்ததல்ல. 1933இல் ஷ்வின் கம்பெனி 2.125 அங்குல 'பலூன்' டயரை விற்கத் தொடங்கியது, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கும் பேப்பர் போடுகிற பெடியன்களுக்கும். ரிபாக்காரர்கள் அந்தப் பழசுகளைத் தேடிப் பிடிச்சதுக்கு இந்த டயர்தான் காரணம். காற்று அதிகமாக இருந்தால் காற்றைக் கொஞ்சம் குறைச்சு, கல்லில் துள்ளாமல் போகலாம். ஆனால் அதிகம் குறைச்சால் ரிம் கல்லில் இடிச்சு டியூபில் இரண்டு ஓட்டை விழும். 1999இல் வந்த டியூப் இல்லாத டயர் இதற்குத்தான் வழி செய்தது. நம்ம தோட்டத்து ரோடு மழையில் களி, வெயிலில் உடைஞ்ச கருங்கல். ஆகவே 2.3 அங்குலத்துக்குக் குறையாமல், முன்னுக்கு ஆழமான பல்லும் மெதுவான ரப்பரும் உள்ளதாகப் பாருங்க. காசு ஒரு டயருக்குத்தான் காணும் என்றால் நல்லதை முன்னுக்குப் போடுங்க. பின் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் வழுக்கினால் நேரா மண்ணுதான்.

சில்லில் எங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. ரிபாக் காலத்திலிருந்து 26 அங்குலம்தான். பிறகு 27.5, 29 வந்தது. இறக்க ஓட்டத்தில் 29ஐ ரொம்ப நாள் ஒருத்தரும் மதிக்கல, 2017இல் ஸ்கொட்லாந்தின் ஃபோர்ட் வில்லியத்தில் கிரெக் மினார் அதில் ஜெயிச்ச பிறகு நிலைமை மாறியது. அங்குலக் கணக்கை நம்பாதீங்க. பழைய கறுப்பு சைக்கிளின் 28 அங்குல ரிம் 635 மில்லிமீற்றர், புது 29இன் ரிம் 622! டயர் பக்கத்தில் அச்சடிச்ச 559, 584, 622 என்ற இலக்கத்தைப் பார்த்து வாங்குங்க. ஊரில் 559, அதாவது 26, இன்னும் லேசாகக் கிடைக்கும். பழுதானால் உடனே மாற்றக் கிடைக்கிற சில்லுதான் நல்ல சில்லு. வாங்கும் முன் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அமத்திப் பாருங்க, தளர்ந்திருந்தால் இறுக்காமல் எடுக்காதீங்க.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் செத்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கல. பெரிய வண்டிக்கே அந்த இறக்கம் அப்படி. தோட்டத்து ரோட்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தேயிலைச் செடி மறைச்சு நிற்கும். சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு, தலையில் விறகோ முதுகில் கூடையோ சுமந்து நம்ம அம்மாமார் ஏறி வருவதும் அதே ரோட்டில்தான். ஓரமாக ஒதுங்கக்கூட இடமிருக்காது. அந்த நேரத்தில் மேலேயிருந்து இறங்க வேண்டாம், அரை மணித்தியாலம் பொறுத்துப் போங்க. சைக்கிளில் ஒரு மணியும் பூட்டுங்க, 'மவுண்டன் பைக்'குகளில் அதை மட்டும் கொடுக்கவே மாட்டார்கள்.