கழுமரமும் மட்டைத் துவக்கும்

வாள்வெட்டுச் செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம், தென்னிந்தியச் சினிமாவும் கணினி விளையாட்டும் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டன என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் விசனப்படுவது சர்வசாதாரணமாகிவிட்டது. அப்பெரியவர்களே தம் பால்யத்தில் எதைக் கண்டு வளர்ந்தார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

வடமராட்சி முதலிய பகுதிகளில், அம்மன் கோயில் முன்றிலிலே நேர்த்திக்கடனாக விடிய விடிய ஆடப்பெற்ற காத்தவராயன் கூத்துக்கு, பாயும் போர்வையுமாகத் தாய்மாரோடு சென்ற குழந்தைகள், சிந்துநடைப் பாட்டை அரைத்தூக்கத்திலே கேட்டுக் கிடந்து, காத்தான் கழுவேறும் கட்டம் நெருங்கியதும் தட்டி எழுப்பப்பட்டார்கள். நெடிய மரத்தில் அவன் படிப்படியாக ஏற ஏற, கீழே நின்ற கிழவிகள் கைகூப்பிக் கண்ணீர் உகுத்தார்கள். பாசையூர் போன்ற கரையோரக் கத்தோலிக்க ஊர்களின் நாட்டுக்கூத்துகளிலோ வேதசாட்சிகள் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள். இவற்றைக் கண்ட பையன் மறுநாள் வேப்பமரத்தில் தொற்றிக்கொண்டு காத்தானாகப் பாடினான். அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை. ஆனால் ஒரு பேதத்தை நான் மறைக்கலாகாது: கூத்திலே சாகிறவனுக்காகச் சபை அழுதது, சினிமாக் கொட்டகையிலே கொல்லுகிறவனுக்காக விசில் அடிக்கிறது.

இனி, படமே இல்லாத காலத்தையும் பார்ப்போம். 1990 ஆனியில் இராணுவத்துக்கும் போராளி இயக்கத்துக்கும் இடையே யுத்தம் மீண்டும் மூண்டபின், குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், ஜாம் போத்தல் விளக்கின் மங்கிய வெளிச்சத்திலே பிள்ளைகள் படித்த அந்த வருஷங்களில், எப்போதாவது ஒருநாள் ஜெனரேற்றர் பிடித்துக் காட்டிய படத்தைத் தவிர அவர்களுக்குத் திரை என்பதே கிடையாது. யுத்த விளையாட்டோ ஒழுங்கைதோறும் நடந்தது. பனைமட்டையைத் துவக்காகச் செதுக்கி, மண்மூட்டைக்குப் பதில் மணற்குவியல் வைத்து, ‘ஆமியும் இயக்கமும்’ விளையாடினார்கள். ஆமியாக நிற்க எவனும் சம்மதியாமையால், கூட்டத்திலே சின்னவன்தான் எப்போதும் ஆமி. யுத்தம் மனங்களில் பதித்த காயத்தை, யாழ்ப்பாணத்திலேயே இருந்து நோயாளரைக் கண்டுவந்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 1993இல் ‘மனவடு’ என்ற நூலாக எழுதினார். மட்டையை எறிந்துவிட்டு மெய்த் துவக்கைத் தூக்கிய சிறுவர்களும் உண்டு. அவர்களில் எத்தனையோ பேரின் வீட்டு முற்றத்தில் ஷெல் விழுந்திருந்தது, அண்ணன்மார் திரும்பி வந்திருக்கவில்லை.

மற்றவர்கள் ஒழுங்கையிலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள். ‘சகடை’ என்று ஊரார் பேரிட்ட குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும், ஆமியும் இயக்கமும் ஒருங்கே மட்டைகளைப் போட்டுவிட்டு, ஒரே பங்கருக்குள் பாய்ந்தார்கள்.